வந்தும் வராத லாகின் பக்கம்: மதுரை லாட்ஜில் இரண்டு நாள்

அத்தை மகன் கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தோம். ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜ், மூன்றாவது மாடியில் எங்களுக்கு நான்கு அறைகள். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு எல்லாரும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, நான் மட்டும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குள் அலுவலகத்துக்கு ஒரு கோப்பை ஏற்றியாக வேண்டும். பெரிய கோப்புகூட இல்லை, 60 எம்பி. ஆனால் அறை கட்டடத்தின் நடுவில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் கோப்பு போய்ச் சேர்வதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும் போலிருந்தது.

லாட்ஜில் வைஃபை உண்டு. சேர்ந்ததும் ஒரு பக்கம் திறக்கும், அதில் மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், ஓடிபியைப் போட்டால் இணையம். என் போனில் மதியமே இப்படிச் சேர்ந்தாயிற்று. லேப்டாப்பில் ஓடுவது உபுண்டு, அதாவது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். அதே வைஃபையில் சேர்த்தால் லாகினுக்கான சின்ன ஜன்னல் திறக்கிறது, வெள்ளையாக நிற்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்புறம் இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி.

முதல் அரை மணி நேரம் நான் செய்ததெல்லாம் எல்லாரும் செய்வதுதான். வைஃபையை அணைத்துப் போட்டேன். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி சேர்த்தேன். லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய்தேன். பயர்பாக்ஸ் சரியில்லை என்று குரோமுக்கு மாறினேன். கடைசியில் கீழே இறங்கிப் போய் ரிசப்ஷனில் சொன்னேன்.

"எல்லாருக்கும் வருதே தம்பி. சரி, இருங்க, ஆஃப் பண்ணிப் போடுறேன்" என்று ரிசப்ஷன் அண்ணன் மேஜைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். மேலே ஏதோ ஓர் அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போட்ட கூச்சல் கீழே வரை கேட்டது. யாரும் சிக்ஸர் அடித்ததற்கான கூச்சல் இல்லை அது. நான் சத்தமில்லாமல் படியேறி அறைக்கு வந்தேன்.

மறுபடி அதே வெள்ளை ஜன்னல்.

அப்போதுதான் கொஞ்சம் நிதானித்து யோசித்தேன். லாகின் பக்கம் என்பது நாம் தேடிப்போய்த் திறக்கிற பக்கம் இல்லை. வேறு எங்கோ போகிறவரை வழிமறித்துக் காட்டுகிற பக்கம். அரசு அலுவலக வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த அறைக்குப் போக வந்திருந்தாலும் சரி, "முதல்ல இதுல எழுதிட்டுப் போங்க" என்பார். எழுதிக் கையெழுத்துப் போட்டால் அப்புறம் உங்கள் பாட்டுக்குப் போகலாம், வரலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் கேப்டிவ் போர்ட்டல்.

காவலாளி மறிக்க வேண்டும் என்றால் யாராவது வாசலைத் தாண்டப் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு கருவியும் வைஃபையில் சேர்ந்த கையோடு ஓர் ஆளை வெளியே அனுப்பிப் பார்க்கிறது. ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியைத் தட்டும். அங்கிருந்து 204 என்ற எண் மட்டும், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பதிலாக, வந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஐபோன் ஆப்பிளின் ஒரு பக்கத்தைக் கேட்டு 'சக்ஸஸ்' என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்க்கும். விண்டோஸுக்கு 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்று மூன்று சொல் வர வேண்டும். எதிர்பார்த்தது வராமல் வேறு ஏதோ வந்தால், நடுவில் யாரோ மறிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு லாகின் ஜன்னலைத் திறக்கும்.

மறிப்பதற்கு இடம் கொடுப்பது பூட்டில்லாத எச்டிடிபி மட்டுமே. எச்டிடிபிஎஸ் என்பது அரக்கு முத்திரை வைத்த உறை. காவலாளி அதை நிறுத்தி வைக்கலாம், உள்ளே தன் சீட்டைச் செருக முடியாது. செருகப் பார்த்தால் பிரௌசர் சான்றிதழ் சரியில்லை என்று சிவப்பாகக் கத்தும். லாகின் செய்யாத வைஃபையில் வங்கித் தளத்தைத் திறந்தால் சிலருக்கு அந்த எச்சரிக்கை வருவது இதனால்தான். அந்த இடத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்துகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். இன்றைக்கு லாட்ஜ் ரூட்டர் செய்த வேலையை நாளைக்கு வேறொருவன் வேண்டுமென்றே செய்தாலும் எச்சரிக்கை இதேபோலத்தான் இருக்கும்.

இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ் என்பதால், மறிபடுவதற்கென்றே ஒரு தளத்தைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒன்று இருக்கிறது. பூட்டே போடமாட்டேன் என்று பெயரிலேயே சத்தியம் செய்கிற தளம். முன்னால் எச்டிடிபி என்பதையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இப்போதைய பிரௌசர்கள் தாமாகவே எஸ் சேர்த்துக்கொள்ளும். அதைத் திறந்தேன். பக்கம் வரவில்லை, ஆனால் மேலே முகவரிப் பட்டையில் நெவர்எஸ்எஸ்எல் மறைந்து 172.18.1.1 என்று மாறியது. மாறிவிட்டு, சுற்றிக்கொண்டே இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இது நல்ல சேதி. காவலாளி வேலை செய்கிறார். என்னை மறித்திருக்கிறார், 'அந்த மேஜைக்குப் போங்க' என்று கை காட்டியும் இருக்கிறார். என்னால் அந்த மேஜைக்குத்தான் போக முடியவில்லை. அரை மணி நேரமாக முகவரிப் பட்டையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

172.18.1.1-க்கு பிங் அடித்தேன், அதாவது 'இருக்கிறீர்களா' என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன். 'சேருமிடத்தை அடைய முடியவில்லை' என்று வந்தது. அதில் ஆச்சரியமில்லை. அந்தத் தகவலை அனுப்பியவர் முகவரிதான் இடித்தது: 172.18.0.1. என் வைஃபை முகவரி 172.18.3.57. ரூட்டர் 172.18.1.1. நடுவில் 172.18.0.1 யார்?

நானேதான். ஐபி ரூட் என்ற கட்டளையைக் கொடுத்து வழிப்பட்டியலைப் பார்த்தேன். 172.18.0.0/16 என்ற வரி இரண்டு தடவை இருந்தது. 172.18-இல் தொடங்குகிற எல்லா முகவரிகளும் என்று அதற்கு அர்த்தம், சாய்கோட்டுக்குப் பின்னால் வருகிற எண் கூடக்கூட வட்டம் குறுகும். ஒன்று வைஃபை வழியாக. இன்னொன்று டாக்கர் என் லேப்டாப்புக்கு உள்ளேயே கட்டி வைத்திருந்த ஒரு பாலம் வழியாக.

டாக்கரைப் பயன்படுத்தாதவர்களுக்கு: ஒரே கணினிக்குள் பல சின்னச் சின்னக் கணினிகள் ஓடுவதுபோல நிரல்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டுகிற மென்பொருள் அது. அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அது உள்ளேயே ஒரு நெட்வொர்க் போட்டுக்கொள்ளும். வெளியுலகத்தில் செல்லாத, வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற முகவரிகள் என்று 1996-இலேயே மூன்று தொகுதிகளை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 10-இல் தொடங்குபவை ஒன்று, 192.168-இல் தொடங்குபவை ஒன்று, 172.16 முதல் 172.31 வரை ஒன்று. டாக்கர் முதலில் 172.17-ஐ எடுத்துக்கொள்ளும். நாம் புதிதாக நெட்வொர்க் கேட்கக் கேட்க 172.18, 172.19 என்று ஏறிக்கொண்டே போகும். லாட்ஜுக்கு வைஃபை போட்டவரும் அதே தொகுதியில் 172.18-ஐ எடுத்திருக்கிறார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. ஒரே ஊரில் இரண்டு காந்தி ரோடு இருப்பதுபோலத்தான்.

இரண்டு வழியும் ஒரே அகலம் என்றால் லினக்ஸ் எதைத் தேர்ந்தெடுக்கும்? மெட்ரிக் என்று ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு, குறைந்த விலைதான் ஜெயிக்கும். வைஃபை வழிக்கு 600. டாக்கர் பாலத்துக்குப் பூஜ்யம். ஆக, லாகின் மேஜைக்கு என்று கிளம்பிய ஒவ்வொரு தகவல் பொட்டலமும் வைஃபை பக்கம் திரும்பாமல் என் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு காலி அறைக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. வெளியுலகப் பயணம் வேறு வழி என்பதால் அது மட்டும் ஒழுங்காக வைஃபையில் போய், ஒழுங்காக மறிபட்டு, மேஜையின் முகவரியோடு திரும்பி வந்தது. பக்கம் வந்தும் வராமல் நின்ற மர்மம் இவ்வளவுதான். லாட்ஜ்காரர் 16-க்குப் பதில் 22 என்று கொஞ்சம் குறுகலான வட்டம் போட்டிருந்தால், குறுகலான வழிக்கே முன்னுரிமை என்ற விதிப்படி வைஃபை ஜெயித்திருக்கும், நானும் கேசரி சாப்பிடப் போயிருப்பேன்.

ஜெர்மனியின் அதிவேக ரயில் வைஃபையில் இதே டாக்கர் மோதலில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். படித்தபோது சிரித்திருக்கிறேன்.

டாக்கர் கம்போஸ் டவுன் என்று கட்டளை கொடுத்தேன். பெட்டிகளோடு பாலமும் போயிற்று. மறுபடி நெவர்எஸ்எஸ்எல். லாட்ஜ் முகப்புப் படமும் மொபைல் எண் கேட்கிற கட்டமும் வந்து நின்றன. மணி 7.50.

எண்ணைக் கொடுத்தேன். 'இந்த எண்ணில் ஏற்கெனவே இரண்டு கருவிகள் இணைந்துள்ளன' என்றது.

என்னிடம் இருப்பதே ஒரு போன்தான். இன்னொன்று யாருடையது? ஒரு நிமிடம் யாரோ என் எண்ணைத் திருடிவிட்டார்கள் என்றே பயந்தேன். அப்புறம் மதியம் செய்த ஒரு காரியம் ஞாபகம் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது வைஃபை மந்தமாக இருந்தது. அதற்கு வைத்தியம் என்று போன் அமைப்பில் 'ரேண்டம் மேக்' என்றிருந்ததை 'கருவியின் மேக்' என்று மாற்றினேன். வேகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கே தெரியும். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. மாற்றியதும் லாகின் பக்கம் மறுபடி வந்தது, மறுபடி ஓடிபி போட்டேன், மறந்துவிட்டேன்.

இந்த மாதிரிப் பொது வைஃபைகள் நம்மை அடையாளம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் மேக் முகவரியால்தான், அதாவது வைஃபை சில்லின் சேசிஸ் நம்பர். கடைக்குக் கடை அதே நம்பரைக் காட்டிக்கொண்டு திரிந்தால் நம் நடமாட்டத்தை யார் வேண்டுமானாலும் குறித்து வைக்கலாம் என்பதால், 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் நம்பரைக் காட்டத் தொடங்கின. நல்ல ஏற்பாடு. ஆனால் நடுவில் அதை மாற்றினால் போர்ட்டல் கண்ணுக்கு நாம் புது ஆள். ஒரே போன், இரண்டு சேசிஸ் நம்பர், இருந்த இரண்டு இடமும் தீர்ந்தது. உங்கள் போன் காட்டுவது பொய்யா நிஜமா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது இட்டுக்கட்டியது.

சரி, வேறு எண் வேண்டும். அக்கா பட்டுப்புடவையோடு வாசலில் நின்றாள். அவளுடையது சிங்கப்பூர் எண். கட்டம் பத்து இலக்கத்துக்கு மேல் வாங்காது, நாட்டுக் குறியீடு போட இடமே இல்லை. "காலையிலேர்ந்து நானும் முயற்சி பண்றேன்டா, ஓடிபியே வரல" என்றாள். வராது. 2008 குண்டுவெடிப்புகளின்போது, மிரட்டல் மின்னஞ்சல்களை யாரோ அப்பாவிகளின் திறந்த வைஃபையில் புகுந்து அனுப்பினார்கள். அதையடுத்து 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபை தருகிறவர்கள் பயனாளர் இன்னார் என்று அடையாளம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டது. புகைப்பட அடையாள அட்டையின் நகலாகவும் இருக்கலாம், மொபைலுக்கு அனுப்பும் கடவுச்சொல்லாகவும் இருக்கலாம். நடைமுறையில் எல்லாரும் இரண்டாவதையே பிடித்துக்கொண்டதால் உள்ளூர் எண் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம். மறுநாள் ரிசப்ஷனில் கேட்டபோது அறைக்கு ஒரு வவுச்சர் எண் தர அவர்களிடம் வசதி இருந்தது தெரிந்தது. பாஸ்போர்ட் நகல் ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருக்கிறது. யாரும் கேட்காததால் யாருக்கும் கொடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது மாமா. வேட்டி கட்டிக்கொண்டிருந்தவரைப் பிடித்து எண்ணைப் போட்டேன். அறையில் சிக்னல் இல்லை, ஓடிபிக்காகப் படிக்கட்டு வரை போய் நின்றோம். வந்தது. மாமா போனை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்கடா."

"மாமா, இது வைஃபைக்கு."

"அப்படித்தான் ஆரம்பிப்பாங்களாம்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. குறுஞ்செய்தியில் லாட்ஜ் பெயர் இருக்கிறதா, பணம் என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். 8.20-க்குக் கோப்பு ஏறி முடிந்தது. இது நடந்திருக்காவிட்டால் ரயில் நிலையத்துக்கு ஓடியிருப்பேன். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல்லும் சேர்ந்து தொடங்கிய நிலைய வைஃபை, 2020-இல் கூகுள் விலகிய பிறகும் ரயில்டெல் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு ஒரு மெகாபிட், ஒரு எம்பியில் எட்டில் ஒரு பங்கு. 60 எம்பிக்கு எட்டு நிமிடம் என்று கணக்குக்கூடப் போட்டு வைத்திருந்தேன். பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் மிச்சம்.

கைம்மாறாக மாமா தன் போனிலும் வைஃபை போட்டுத் தரச் சொன்னார். அவர் எண்ணில் இன்னும் ஓர் இடம் இருந்தது. லாகின் பக்கம் உடனே வந்தது, ஓடிபி வந்தது, 'இணைந்துவிட்டீர்கள்' என்றும் வந்தது. ஆனால் யூடியூப் திறக்கவில்லை. வைஃபை பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், 'பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை'.

இதைச் செய்தவன் யார் என்று கேட்கவே வேண்டாம். போன தீபாவளிக்கு நான்தான், மாமாவுக்கு விளம்பரம் வரக்கூடாது என்று, விளம்பரம் தடுக்கிற ஒரு டிஎன்எஸ் சர்வரின் பெயரை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி உண்டு. தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரி கேட்பதுதான் டிஎன்எஸ், நம்முடைய பழைய டெலிபோன் டைரக்டரி வேலை. அந்த விசாரிப்பையும் உறைக்குள் போட்டு அனுப்புவது பிரைவேட் டிஎன்எஸ். அது 853 என்ற கதவு வழியாகத்தான் போகும். லாட்ஜ் ரூட்டர் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. சர்வர் பெயரை நாமே எழுதி வைத்திருந்தால் ஆண்ட்ராய்டு பிடிவாதமாக அதைத்தான் கேட்கும், கிடைக்காவிட்டால் இணையமே இல்லை என்று உட்கார்ந்துவிடும். 'தானியங்கி' என்று மாற்றினால், உறை கிடைத்தால் உறை, இல்லாவிட்டால் தபால் கார்டு என்று அனுசரித்துப் போகும். மாற்றினேன். யூடியூப் வந்தது. முதலில் வந்தது விளம்பரம்தான். எப்போதும் ஆனில் இருக்கிற விபிஎன் (எல்லாவற்றையும் பூட்டிய தனிக்குழாய் வழியாக அனுப்புகிற ஏற்பாடு) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், லாகின் முடிகிறவரை அதை அணைத்து வைக்க வேண்டும்.

அழைப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது கேசரி தீர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. ரிசப்ஷன் அண்ணன். "தம்பி, நேத்து உங்களுக்கு வந்த வியாதி இன்னைக்கு எல்லாருக்கும் வந்துருச்சு. கொஞ்சம் கீழ வாங்களேன்."

முகூர்த்த நாள். விடியற்காலையில் இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு போன், சிலருக்கு இரண்டு. நேற்றே சேர்ந்தவர்களுக்கு வைஃபை ஓடுகிறது, புதிதாக வந்தவர்களுக்கு 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்ற வரியோடு நிற்கிறது. இது என் வியாதி இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. எனக்கு மேஜைக்கு வழி தெரியவில்லை, இவர்கள் வாசலுக்கே வரவில்லை. ஒருவர் விண்டோஸ் லேப்டாப் வைத்திருந்தார். அதில் பார்த்தால் முகவரி 169.254-இல் தொடங்கியது. கேட்டுக் கேட்டு யாரும் முகவரி தராதபோது கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்கிற பெயர் அது. 169.254-ஐக் கண்டால் லாகின் பக்கத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முகவரி கொடுக்கிற டிஎச்சிபியைப் பார்க்க வேண்டும்.

அண்ணன் ஒரு டைரியின் பின்னட்டையைத் திறந்து ரூட்டரின் பாஸ்வேர்டைக் காட்டினார். நான் அடுத்தவர் ரூட்டரில் கை வைப்பதற்கு முன் வைஃபை போட்டுக் கொடுத்தவரை போனில் பிடிக்கச் சொன்னேன். அவரும் ஏதோ கல்யாண வீட்டில்தான் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "பாருங்க சார், தப்பா இருந்தா மாத்திடுங்க, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தால், நெட்வொர்க்கின் வட்டம் 172.18.0.0/16, அதாவது 65,534 முகவரிகள். அதில் விருந்தினருக்கு என்று விட்டிருந்தது 172.18.3.2 முதல் 172.18.3.254 வரை, 253 முகவரிகள். ஏழாயிரம் பேர் உட்காரக்கூடிய மண்டபத்தில் ஒரே ஒரு பந்திக்கு இலை போட்ட கதை. அதைவிட, ஒரு முகவரியை ஒருவருக்குக் கொடுத்தால் மூன்று நாளைக்கு அது அவருக்கே என்று லீஸ் காலம் வைத்திருந்தார்கள். பட்டியலில் முக்கால்வாசி வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள். எழுந்து போனவர்களின் இலையை மூன்று நாள் எடுக்காமல் வைத்திருந்தால் அடுத்த பந்திக்கு இடம் எப்படிக் கிடைக்கும்? வீட்டில் லீஸ் ஒரு நாளோ ஒரு வாரமோ இருந்தால் கேடில்லை. ஆள் வருவதும் போவதுமாக இருக்கிற இடத்தில் அதை மணிக்கணக்கில்தான் வைக்க வேண்டும்.

கடைசி முகவரியை 172.18.6.254 என்று நீட்டினேன், ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. லீஸை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன். லாகின் மேக் முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால் ஐபி மாறினாலும் யாரும் மறுபடி ஓடிபி போட வேண்டியதில்லை. வட்டத்தையே குறுக்கி 21 ஆக்கிவிட்டால் என்னைப் போன்ற டாக்கர் ஆசாமிகளுக்கும் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே இணைந்திருக்கிற கருவிகள் எல்லாம் பழைய கணக்கில் இருக்கும்போது, முகூர்த்த வேளையில், அடுத்தவர் ரூட்டரில் அந்தச் சோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சேமி என்று அழுத்திய அரை நிமிடத்தில் லாபியில் டிங் டிங் என்று செய்திகள் வந்து விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அண்ணன் பக்கத்துக் கடையிலிருந்து காபி வாங்கி வரச் சொன்னார். நல்ல காபி.

ஊர் திரும்பிய பிறகு லேப்டாப்பில் நிரந்தரமாக ஒரு வேலை செய்தேன். டாக்கருக்கு டீமன் டாட் ஜேசான் என்று ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. அதில் முகவரித் தொகுப்பை நாமே குறித்துக் கொடுக்கலாம். 10.201.0.0/16-ஐக் கொடுத்து, அதிலிருந்து 24 அளவில் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்துக்கொள் என்று எழுதினேன். 10-இலும் மோதல் வராது என்று சத்தியம் செய்ய முடியாது, நிறைய அலுவலக விபிஎன்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. எங்கள் அலுவலகம் 201 பக்கம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். மாற்றிய பிறகு டாக்கரை ரீஸ்டார்ட் செய்து, பழைய நெட்வொர்க்குகளை அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். ஏற்கெனவே கட்டியவை கோப்பை மாற்றியதால் மட்டும் இடம் மாறாது. இதையும் ஒரு தடவை தப்பாகச் செய்து, ஏன் இன்னும் 172.18 வருகிறது என்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

போனில் மேக் அமைப்பைப் பழையபடி ரேண்டத்துக்கே திருப்பிவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது புதன்கிழமை மாமா கூப்பிட்டார்.

"டேய், கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து போன்ல ஒரே விளம்பரமா வருது. அந்த லாட்ஜ் வைஃபைல ஏதோ வைரஸ் ஏறிடுச்சுன்னு நினைக்கிறேன்."

பிரைவேட் டிஎன்எஸ்ஸை நான் தானியங்கியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். "வைரஸ் இல்ல மாமா. செட்டிங்ஸ் போங்க. நெட்வொர்க்னு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு வருவேல்ல, அப்போ பாத்துக் குடு" என்று வைத்துவிட்டார்.